இருபத்தைந்தாவது ஸ்பீக்கர்

சாம்சன் ஒரு கடைக்குள் வேலைக்கு நுழைந்தால் முதலில் படுப்பார்.

கோணிப்பை ஒன்றை விரித்து, தரை நடுவில் மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். பத்து நிமிடம். வேலைக்கு வந்த ஆள் தூங்குகிறான் என்று முதலாளிக்குப் போன் போட்ட வாட்ச்மேன்கள் உண்டு. மயங்கி விழுந்துவிட்டார் என்று பதறி சோடா வாங்கிவந்த ஒரு மருந்துக்கடைக்காரரும் உண்டு. சாம்சன் எழுந்து சோடாவைக் குடித்தார். நன்றி சொன்னார். மறுபடி படுத்துக்கொண்டார்.

கூரையில் ஸ்பீக்கர் பதிப்பது அவர் தொழில். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளின் கேன்டீன், பொன்னேரியில் கிளினிக், திருவள்ளூரில் துணிக்கடை. எங்கெல்லாம் வெள்ளைக் கூரையில் வட்டமாக ஒரு சல்லடை தெரிந்து அதிலிருந்து பாட்டு வருகிறதோ, அதில் பாதி சாம்சன் போட்ட ஓட்டை என்பது லோகுவின் கணக்கு. லோகு அவருடைய கூட்டாளி. நாற்பத்தெட்டு வயது. ஏணி பிடிப்பது, ஒயர் இழுப்பது, பேசுவது என்று மூன்று பொறுப்பு அவருக்கு. மூன்றாவதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

"அண்ணன் போட்ட ஓட்டைங்கள வரிசையா அடுக்கினா கவரப்பேட்டயிலேர்ந்து ஆரணி வரிக்கும் போவும்" என்பார் டீக்கடையில்.

"ஓட்டைய எப்டிடா அடுக்குவ?" என்பார் சாம்சன்.

சாம்சனின் அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைக்குக் கிழக்கே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சாம்சன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் ஆளாக ஏழு வருடம் இருந்தார். அங்கே கேன்டீனில் ஸ்பீக்கர் வைக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவருக்கு ஏணியில் நாலாவது படிக்கு மேல் தலைசுற்றல். "நான் ஏறட்டா சார்?" என்று கேட்டு ஏறினார் சாம்சன். இருபத்தாறு வருடம் இறங்கவில்லை.

ஜிப்சம் பலகைக் கூரையை வட்டமாக அறுக்கும்போது மாவு கொட்டும். அதற்காக ஹெல்மெட் போட்டுக்கொள்வார். மகள் ஸ்நேகா ஸ்கூட்டிக்கு வாங்கிய ரோஸ் நிற ஹெல்மெட். கண்ணாடியை இறக்கிவிட்டு ஏணியில் நின்றால், கடைக்குள் யாரோ வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

அறுத்தெடுத்த வட்டத் தட்டைத் தூக்கி எறியமாட்டார். அதன் முதுகில் பென்சிலால் எண் போடுவார். வாசல் இருக்கும் திசைக்கு ஒரு அம்புக்குறி. பிறகு அடுக்கி, வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோவார். வீட்டில் சொம்புக்குக் கீழே ஒன்று, குழம்புச் சட்டிக்குக் கீழே ஒன்று, டி.வி. ஆடாமலிருக்க ஒன்று. மனைவி சாராள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஓட்டைய அங்க உட்டுட்டு, அதுல இருந்தத இங்க கொண்டாந்து கொட்டுறியே, நல்லாக்கீதா?"

"போட்ட இடம் மறக்கக்கூடாது இல்ல?"

"இன்னாத்துக்கு? திருப்பிப் போய் மூடப் போறியா?"

அது வரை மூடியதில்லை. ஒரு ஓட்டைகூடத் தப்பாகப் போனதில்லை. அந்த வட்டாரத்தில் அவருக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

இன்னொரு வழக்கம். ஸ்பீக்கரின் முதுகில் ஒரு திருகு உண்டு. எவ்வளவு சத்தம் வரவேண்டும் என்று அதில் வைக்கலாம், வாட் கணக்கில்: ஆறு, மூன்று, ஒன்றரை. என்ஜினீயர்கள் வரைந்து தரும் படத்தில் எல்லாவற்றுக்கும் ஆறு என்று இருக்கும். கல்லாப்பெட்டிக்கு மேலே வருகிற ஸ்பீக்கரை மட்டும் சாம்சன் மூன்றில் வைப்பார். யாரையும் கேட்கமாட்டார். வாங்க வருகிறவன் அரை மணி நேரம் கேட்டுவிட்டுப் போய்விடுவான். கீழே உட்கார்ந்திருக்கிறவன் பத்து மணி நேரம் கேட்கவேண்டும்.

ஸ்நேகா ஊரிலேயே என்ஜினீயரிங் படித்தாள். எலக்ட்ரானிக்ஸ். அம்பத்தூரில் ஒலி அமைப்பு வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ஆறு மாதம் சோதனைக் காலம். ஐந்தாவது மாதம் தனியாக ஒரு படம் வரையக் கொடுத்தார்கள். திருவள்ளூரில் மூன்று மாடி ஜவுளிக்கடை. அதில் தரைத்தளம் மட்டும். இருபத்துநான்கு ஸ்பீக்கர். இது சரியாக வந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொன்னார். வராவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னாள்.

"திருவள்ளூர்ல ஒரு ஜவுளிக்கடை நைனா. மொத மொத என் படம்."

"எது, பஸ் ஸ்டாண்டாண்ட மூணு மாடி?"

"ஆமா."

"அது என் ஓட்டை மா" என்றார் சாம்சன்.

உள் அலங்கார வேலையை எடுத்திருந்த தணிகாசலம் அவரைத்தான் கூப்பிட்டிருந்தார். ஸ்நேகா தட்டைத் தள்ளி வைத்தாள். அப்பாவுக்கு வேலை பிடித்துக் கொடுத்தாள் என்று ஆபீசில் பேசினால்?

"சைட்ல நீ யாரோ, நான் யாரோ. சரியா நைனா?"

"சரிங்க மேடம்."

"ஊட்லயே அப்டித்தான கீறீங்க ரெண்டு பேரும்" என்றாள் சாராள். "ஒருத்தரு செல்லு, ஒருத்தரு கம்ப்யூட்டரு."

திங்கட்கிழமை சைட்டில் சந்தித்தார்கள். கடை வெறுமையாக இருந்தது. தரையில் டைல்ஸ், மேலே பளிச்சென்று வெள்ளை அடித்து முடித்த கூரை. அலமாரி இல்லை, கல்லா இல்லை. வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி. எதிரே நடுவில் மாடிப்படி.

"வணக்கம் மேடம்" என்றார் சாம்சன், இரண்டு கையையும் கூப்பி. பணிவு கொஞ்சம் அதிகம்.

"வணக்கம் சாம்சன் சார்" என்றாள் ஸ்நேகா.

லோகு ஏணியை வைத்துவிட்டு வெளியே ஓடினார். தெருவில் நின்று சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

வழக்கமாக, என்ஜினீயர்கள் லேசர் வைத்துக் கூரையில் பென்சில் புள்ளி குத்திக் கொடுப்பார்கள். புள்ளியில் சாம்சன் அறுப்பார். அப்படித்தான் இருபத்தாறு வருடமும். சதுரச் சதுரமாகத் தகடு பொருத்திய கூரையென்றால் புள்ளியும் வேண்டாம். சுவரிலிருந்து மூன்றாவது தகடு, ஆறாவது தகடு என்று வாயால் சொன்னால் போதும். ஸ்நேகா லேசரை எடுத்தாள். சாம்சன் கையால் மறித்தார்.

"வாணாம் மேடம். படம் அவ்ளோ தெளிவாக்கீது. நானே பாத்துப் போட்டுக்கிறேன்."

"இல்ல சார், மார்க்கிங்..."

"யாரு வரஞ்ச படம்?" என்றார் குரலைத் தாழ்த்தி. "எனக்கு எதுக்கு மார்க்கிங்?"

தணிகாசலமும் பக்கத்தில்தான் நின்றார். "சாம்சன் சொன்னா சரி. வுடுங்கம்மா" என்றார். ஸ்நேகா லேசரைப் பைக்குள் வைத்தாள். ரயிலேறி அம்பத்தூர் திரும்பினாள். வழியெல்லாம் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போன்.

"மேடம், ஒரு நட வந்துட்டுப் போறீங்களா?"

குரலில் விளையாட்டு இல்லை. பன்னிரண்டு மணிக்கு அவள் கடையில் இருந்தாள்.

கூரையில் ஒன்பது ஓட்டை. ஒன்பதாவதில் அறுப்பது பாதியில் முரண்டு பிடித்து, தட்டு நாலு துண்டாக உடைந்து விழுந்திருந்தது. உள்ளே பளபளவென்று ஏ.சி. காற்றுக்குழாயின் தகரம். ஓட்டைக்கும் தகரத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. ஸ்பீக்கர் உள்ளே போகாது.

ஸ்நேகா கழுத்தைத் திருப்பி மற்ற ஓட்டைகளைப் பார்த்தாள். புடவைப் பிரிவு வரப்போவது வலப்பக்கம். அங்கேதான் நெருக்கமாக எட்டு ஸ்பீக்கர் வரைந்திருந்தாள். நெருக்கமான ஓட்டைகள் இடப்பக்கம் இருந்தன. மாற்றி வரைந்துவிட்டேனா? ஏ.சி.க்காரர்களின் படத்தோடு ஒப்பிட்டேனே, இரண்டு முறை ஒப்பிட்டேனே. பையிலிருந்து படத்தை உருவினாள். விரிப்பதற்குள் தணிகாசலம் வந்துவிட்டார்.

சலவைச் சட்டை, கையில் இரண்டு போன். அண்ணாந்து பார்த்தார். அப்படியே நின்றார்.

"இன்னாய்யா இது? காத்துக் குழா மேலயே ஓட்டயப் போட்டு வெச்சிக்கிறீங்க! வெள்ளிக்கிழம கட தொறக்குறான்யா. படம் போட்டது யாரு? இந்தப் பொண்ணா?"

"சார், நான் ஒரு தடவ செக் பண்ணிட்டு..." என்றாள் ஸ்நேகா.

"இனிமே இன்னா செக்கு? படிச்சு முடிச்சு வந்த புள்ளைங்க கையில கூரயக் குடுத்தா இப்டித்தான். நில்லு, உன் மேனேஜருக்கு நானே பேசறேன். இந்தப் பொண்ண அனுப்பாதீங்கன்னு சொல்றேன்."

போனில் பேரைத் தேடினார். ஏணியிலிருந்து ரோஸ் ஹெல்மெட் இறங்கி வந்தது. சாம்சன் அதைக் கழற்றினார். மீசை வரைக்கும் வெள்ளை.

"போன வைங்க சார். படம் சரி. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

தணிகாசலத்தின் விரல் நின்றது. "நீயா?"

"ஆமா சார்."

"இருவத்தஞ்சு வருசமா வேல பாக்குற. நீ தப்பாப் போட்டியா?"

"இருவத்தாறு. கண்ணு மங்குது சார். வயசாவுது இல்ல?"

லோகுவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, இன்னா நீ..."

"நீ ஏணியப் புடி."

"நீதான் கீழ கீறியே?"

"பரவால்ல, புடி."

லோகு ஆளில்லாத ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தணிகாசலம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். கோபம் போன இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. "உன்ன நம்பித்தான்யா மார்க்கிங் வாணாம்னு உட்டேன்" என்றார் மெதுவாக. "வியாழக்கிழம சாயங்காலம் வருவேன். கூர நேத்து இருந்தாப்ல இருக்கணும். இல்லன்னா மேல ரெண்டு மாடிக்கு நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

அவர் போன பிறகு சாம்சன் மகளுக்குப் பக்கத்தில் வந்தார்.

"பயப்படாத மா. மொத படம். ஏ.சி.க்காரன் படத்த ஒத்துப் பாக்காம உட்டுட்டிருப்ப. யாருக்கும் ஆவறதுதான். உன் வேல போனா திரும்ப வராது. என்ன யாரு வேலய உட்டுத் தூக்குறது? எனக்கு நான்தான் மொதலாளி."

சொல்லிவிட்டுக் கோணியை விரித்தார். "மொதல்ல பாப்போம், எதெது தேறுதுன்னு." மல்லாந்து படுத்தார். படத்தை விரித்து, வாசல் என்று எழுதிய பக்கம் வாசலைப் பார்க்கும்படி, முகத்துக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

ஸ்நேகா அவர் காலடியில் நின்று அதைப் பார்த்தாள். ஒரு வினாடி. அவ்வளவுதான் ஆனது.

கூரைப் படம் என்பது, தரை முழுக்க நிலைக்கண்ணாடி பதித்து, அதில் கூரையைக் குனிந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைவது. மேஜையில் அல்லது தரையில் விரித்து வைத்துக் குனிந்து பார்க்கவேண்டும். அப்போது வலப்பக்கம் வலப்பக்கமாகவே இருக்கும். அதையே தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்துப் பிடித்தால் வலம் இடமாகும், இடம் வலமாகும். கல்லூரியில் இரண்டாம் வருடம் சொல்லிக்கொடுப்பார்கள். சாம்சன் இருபத்தாறு வருடம் படுத்துக்கொண்டு பார்த்தது கூரையை. படத்தையும் படுத்துக்கொண்டு பார்த்தது இந்த வேலையில்தான் முதல் தடவை. மற்ற படங்களை என்ஜினீயர்கள் பார்த்துப் புள்ளி வைத்துவிட்டார்கள். இந்தப் படத்தை அவரே பார்க்க விரும்பினார்.

ஆகவே படம் சரி. கண் மங்குகிறது என்றதைத் தவிர, தணிகாசலத்திடம் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அது அவருக்குத்தான் தெரியாது.

"நைனா, படம் சரிதான்." மூன்றே சொல். ஸ்நேகா வாயைத் திறந்தாள். கோணியின் மேல் கிடந்த மனிதரைப் பார்த்தாள். மகளுக்காகத் தன் ஒரே சொத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கணக்குப் பார்க்காத முகத்தோடு கூரையில் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று சொல்லையும் சொன்னால், கொடுத்தது இல்லையென்றாகும். தொலைத்தது மட்டும் மிஞ்சும்.

"ஆமா சார்" என்றாள். "ஏ.சி. படத்தப் பாக்காம உட்டுட்டேன். மனசுக்குள்ள திருத்திட்டேன். மீதிய நானே லேசர் வெச்சு மார்க் பண்ணித் தரேன். நீங்க அந்தப் படத்த வெச்சிடுங்க."

"அதான. கண்டுபுடிச்சிட்ட பாரு" என்றார் சாம்சன் சந்தோஷமாக.

அவள் சொன்னது பொய். அதற்கு முன் அளவு சம்பந்தப்பட்ட எதிலும் அவள் பொய் சொன்னதில்லை.

ஒன்பதில் இரண்டு ஓட்டை நடுக்கோட்டில் இருந்தன. கண்ணாடியில் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நடுக்கோடு நடுக்கோடுதான். ஆக ஏழு தப்பு. உடைந்தது போக ஆறு தட்டு மூலையில் அடுக்கியிருந்தது, முதுகில் எண்ணோடும் அம்போடும்.

"அண்ணிகிட்ட சொல்லணும்" என்றார் லோகு. "சொம்பு வெக்கிற தட்டு இன்னிக்குக் கூரையேறிச்சுன்னு."

ஓட்டைக்குள் இரண்டு மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்துத் திருகினார்கள். அதன் மேல் அந்தந்த ஓட்டையின் தட்டையே, அம்பு வாசலைப் பார்க்க, திருப்பி வைத்தார்கள். அறுத்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது. ஜிப்சம் வேலைக்காரர் அரசப்பன் விளிம்பில் வலைப்பட்டை ஒட்டி, பட்டி பூசி, காயவிட்டு, தேய்த்து, வெள்ளை அடித்தார். "சொந்தத் துண்டு கெடச்சா எனக்கு வேலையே இல்லயே" என்றார். இரண்டு நாளாக நாஷ்டாவும் சாப்பாடும் அங்கேயே. ஸ்நேகா புள்ளி வைக்க, சாம்சன் அறுக்க, லோகு பேச, இருபத்துநான்கும் தன் இடத்துக்குப் போயின.

ஒன்பதாவது ஓட்டை மட்டும் மூடாமல் நின்றது. தட்டு உடைந்துவிட்டது. வேறு துண்டு வெட்டி வைக்கலாமென்றால், குழாய் முட்டுவதால் பின்னால் சட்டம் வைக்க இடமில்லை. வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. சாம்சன் தாடையைச் சொறிந்தார். பெட்டியைத் திறந்து, உபரியாக வந்திருந்த ஒரு ஸ்பீக்கரை எடுத்து, அதன் முகத்தை மட்டும் கழற்றினார். வெள்ளைச் சல்லடை. ஏணியில் ஏறி, ஓட்டையின் மேல் அழுத்தி மாட்டினார்.

இருபத்தைந்து சல்லடை. இருபத்துநான்கு ஸ்பீக்கர்.

"உள்ள ஒண்ணும் இல்லயே" என்றாள் ஸ்நேகா.

"நம்ம லோகுகூட அப்டித்தான். யாரு தொறந்து பாத்தாங்க?"

"அண்ணா!" என்றார் லோகு.

தணிகாசலம் சாயங்காலம் டார்ச்சோடு வந்தார். ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடி கால் மணி நேரம் அண்ணாந்து நடந்தார். கிடைக்கவில்லை. ஸ்பீக்கரை எண்ணவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு, "மேல் மாடிய எப்ப ஆரம்பிக்கிற?" என்றார்.

ஸ்நேகா அலுவலகத்துக்குக் கொடுக்கவேண்டிய கடைசிப் படத்தில் எல்லாவற்றையும் இருந்தபடியே காட்டவேண்டும். காட்டினாள். கல்லாவுக்கு மேலே மூன்று வாட். இருபத்தைந்தாவது வட்டம்: சல்லடை மட்டும், இணைப்பு இல்லை. மேனேஜர் ஏன் என்று கேட்டார். "ஏ.சி. குழாய் சார்" என்றாள். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது.

அதற்கப்புறம்தான் உண்மையான பேஜாரு ஆரம்பித்தது. சாம்சன் மகளுக்கு ஆறுதல் சொன்னார். காலையில் பல் தேய்க்கும்போது சொன்னார். ரயில் நிலையத்தில் இறக்கிவிடும்போது சொன்னார். "தப்பு பண்ணாதவன் யாரு மா? அத மனசுல வெச்சிக்காத." ஸ்நேகா, "சரி நைனா" என்பாள். மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைப்பார். "சாப்புடு. எல்லாம் அனுபவந்தான்." சாராளுக்கு விஷயம் தெரியும், மகள் சொல்லியிருந்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீர் மொள்ளப் போய்விடுவாள்.

படத்தைப் பத்திரப்படுத்தவேண்டும் என்றார். மகளின் முதல் படம். தன் கட்டிலுக்கு நேர்மேலே கூரையில் டேப் போட்டு ஒட்டினார்.

"ஊர்ல எல்லாரும் சொவுத்துல மாட்டுவாங்க" என்றாள் சாராள்.

"நான் சீலிங் ஆளு."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்து, சாப்பிட்டு, சாம்சன் கட்டிலில் சாய்ந்திருந்தார். சாராள் முந்தினநாள் அந்தக் கடையில் எடுத்த புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்நேகா கூடத்தில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"சாராளு, அந்தக் கடையில கல்லா எந்தப் பக்கம்?"

"உள்ள நொழஞ்சா சோத்தாங்கைப் பக்கம்."

"நல்லாத் தெரியுமா?"

"பில்லு கட்டுனவ நான். எனக்குத் தெரியாதா?"

சாம்சன் படுத்தபடியே வலது கையைத் தூக்கினார். பார்த்தார். மேலே, வாசல் தலைமாட்டுப் பக்கம் வர ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். கல்லா இடது கைப் பக்கம் இருந்தது. எழுந்து கட்டிலின் மேல் நின்று, டேப்பைப் பிரித்து, படத்தைக் கையில் எடுத்து, தரையில் விரித்து, அதன் வாசல் பக்கத்தில் குந்தினார். கல்லா வலப்பக்கம் வந்துவிட்டது.

"ஸ்நேகா!"

"நைனா."

"இங்க வா."

சீப்போடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"நீ படத்த மாத்தி வரயவே இல்ல."

"இல்ல நைனா."

"படம் தப்பே இல்ல."

"இல்ல நைனா."

"அப்ப நான் உனுக்காகப் பழிய ஏத்துக்கினது?"

"ஏத்துக்கின நைனா."

"எங்க ஏத்துக்கினேன்? அது என் பழிதான! பொய்யின்னு நெனச்சு நெசத்தச் சொல்லிட்டு, மூணு வாரமா தியாகி மாதிரி நடுத்துண்டு குடுத்துக்கினு இருந்தேனே!"

"அந்தத் துண்டையெல்லாம் அவ நல்லாத்தான் தின்னா" என்றாள் சாராள்.

சாம்சன் முகம் என்ன ஆகும் என்று ஸ்நேகா பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த மூன்று வாரமும் அவள் பயந்தது இதற்குத்தான். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. தரையில் படத்தின் பக்கத்திலேயே மல்லாந்து விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கண்ணு மங்குதுன்னு வேற சொன்னேன் மா!" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ சந்தோசமா இருந்த."

அவர் கூரையைப் பார்த்தார். அங்கே டேப் ஒட்டியிருந்த நாலு தடம் மட்டும் இருந்தது. "ஆமா" என்றார். "இருந்தேன்."

மறுநாளே லோகுவிடம் சொன்னார். தணிகாசலத்திடம் சொன்னார், மேடம் யார் என்பதையும் சேர்த்து. "அடப்பாவி, உம் பொண்ணா!" என்று அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு எந்த சைட்டுக்குப் போனாலும் சாம்சன் அந்தக் கதையைத் தானே ஆரம்பித்துவிடுவார். "நான் ஏழு ஓட்ட தப்பாப் போட்டவன் சார்" என்பார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி. இரண்டு மாடியும் முடித்தார். படத்தை மட்டும் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார். அதன்பிறகு கோணியை விரித்தார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஜனவரி மாதம், கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கட்டிய ஒரு கேன்டீனில் கோணி விரித்துப் படுத்தார். பத்து நிமிடம் ஆனது. லோகு ஏணியை நிமிர்த்தினார். இருபது நிமிடம் ஆனது. பெரிய கூரை, பார்க்கட்டும் என்று லோகு ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் வந்து, "இன்னாபா, உன் ஆளு தூங்குறாரு?" என்றார். "அது அவரு வழக்கம்" என்றார் லோகு.

ஐம்பத்துநான்கு வயது. டாக்டர் இதயம் என்றார்.

அடக்க ஆராதனை நடந்த கோயிலிலும் ஸ்பீக்கர் அவர் வைத்ததுதான். பாதிரியார் பேசியது கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்டது. எதிரொலி இல்லை. லோகு அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்நேகா வரைகிற படங்களில் இப்போதெல்லாம் கல்லாவுக்கு மேலே மூன்று வாட் என்று அவளே எழுதிவிடுகிறாள்.

போன மாதம் திருவள்ளூரில் வேறொரு வேலை. முடித்துவிட்டு அந்த ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாள். இடப்பக்கம், சட்டைத் துணி அடுக்கியிருக்கும் பகுதி. அண்ணாந்து பார்த்தாள். வெள்ளைச் சல்லடை அப்படியே இருந்தது. நேர்கீழே, முக்காலியில் உட்கார்ந்து ஒரு விற்பனைப் பெண் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். ஸ்நேகாவின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"மேடம், ஸ்பீக்கர் பாக்க வந்தீங்களா?"

"சும்மா பாத்தேன்."

"இது ஒண்ணுதான் பாடாது மேடம். கட தொறந்த நாள்லேர்ந்தே இப்டித்தான். நாங்க யாரும் மேல சொல்லல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "காலையில ஒம்பது மணிலேர்ந்து பாட்டுதான மேடம். சாப்புடறதுக்கு எல்லாரும் மாறி மாறி இங்கதான் வந்து குந்துவோம். ஊட்டுக்குப் போன் பேசணும்னாலும் இங்கதான். ரிப்பேர் பண்ணிடாதீங்க."

"மாட்டேன்" என்றாள் ஸ்நேகா. "அது சரியாத்தான் இருக்கு."

பக்கத்தில் இன்னொரு முக்காலி காலியாக இருந்தது. அந்தப் பெண் அதைக் காலால் நகர்த்திவிட்டாள். ஸ்நேகா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.